ரெக்கார்டு நோட்டும் அப்சர்வேஷன் நோட்டும்

(பழைய மாணவர் சங்கத்தின் குடும்ப சந்திப்பில் வேதியியல் துறையின் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் தந்திருக்கிறோம். – மலர்க் குழு)



போன மாதம் செயலாளர் போன் பண்ணினார். "அண்ணே, நீங்க ஒரு இருபது நிமிஷம் பேசணும். சாப்பாட்டுக்கு முன்னாடி ஸ்லாட் போட்டிருக்கோம். தலைப்பு உங்க இஷ்டம்" என்றார். சாப்பாட்டுக்கு முன்னால் பேசினால் சாம்பார் வாசனை வரும், பின்னால் பேசினால் தூக்கம் வரும். இரண்டில் வாசனையே தேவலை என்று ஒத்துக்கொண்டேன்.

காலையில் சீக்கிரம் வந்து, யாருக்கும் தெரியாமல் நம்முடைய பழைய கெமிஸ்ட்ரி லேப்புக்குப் போனேன். மேஜையெல்லாம் மாறிவிட்டது. நம் காலத்து கிப்ஸ் அப்பாரட்டஸ் இல்லை. அந்த அழுகிய முட்டை நாற்றமும் இல்லை. ஆனால் ஓரத்தில் ஒரு அலமாரியில் மாணவர்களின் ரெக்கார்டு நோட்டுகள் அடுக்கி வைத்திருந்தார்கள். ஒன்றை எடுத்துப் புரட்டினேன். பிரௌன் பேப்பர் அட்டை, லேபிள், இன்டெக்ஸ், பக்கத்துக்குப் பக்கம் மார்ஜின், அழகான கையெழுத்து. நாற்பது வருஷத்தில் மாறாதது இது ஒன்றுதான்.

வேதியியல் படிக்காத நண்பர்களுக்காக ஒரு விளக்கம். லேப்பில் எங்களுக்கு இரண்டு நோட்டு. ஒன்று அப்சர்வேஷன் நோட். பரிசோதனை செய்யும்போதே, கையில் ஆசிட் கறையோடு, நடந்தது நடந்தபடி எழுதுவது. இன்னொன்று ரெக்கார்டு நோட். ஹாஸ்டலுக்குப் போய், கை கழுவி, காபி குடித்துவிட்டு, நல்ல பேனாவால் எழுதுவது. அப்சர்வேஷன் நோட்டில் பிப்பெட் உடைந்ததும் இருக்கும், தப்பான பாட்டிலிலிருந்து ஊற்றியதும் இருக்கும். ரெக்கார்டு நோட்டில் யாருக்கும் எதுவும் உடைந்ததே கிடையாது. எல்லோருக்கும் எல்லாம் முதல் தடவையே சரியாக வந்துவிடும். வருஷக் கடைசியில் போனபைட் சர்டிபிகேட் ஒட்டிக் கையெழுத்து வாங்குவது ரெக்கார்டு நோட்டுக்குத்தான். அப்சர்வேஷன் நோட் பழைய பேப்பர்க் கடைக்குப் போய், மசால் வடை மடிக்கிற காகிதமாகத் திரும்பி வரும்.

எங்களுக்கு லேப் எடுத்த சார் ஒருவர் இருந்தார். இன்று அவர் நம்மோடு இல்லை. அவரிடம் ஒரு கண்டிப்பு. அப்சர்வேஷன் நோட்டில் ரப்பர் போடக் கூடாது, மை தடவி மறைக்கக் கூடாது. "அடிச்சு எழுது, அழிச்சு எழுதாதே" என்பார். ஒரே கோடாகக் குறுக்கே கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும். அடித்ததும் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும். டைட்ரேஷனில் என் ரீடிங் மூன்றும் 19.8, 19.8, 19.8 என்று இருந்தது. பார்த்துவிட்டு, "ஏன்டா, இதை ப்யூரெட்ல எடுத்தியா, பக்கத்து டேபிள்ல எடுத்தியா?" என்று கேட்டார். பக்கத்து டேபிள்காரன் இந்த மண்டபத்தில்தான் உட்கார்ந்திருக்கிறான். பேர் சொல்ல மாட்டேன். அவனும் அதை அடுத்த டேபிளில்தான் எடுத்தான்!

இன்று நான் பேச வந்தது இந்த இரண்டு நோட்டைப் பற்றித்தான். ஏனென்றால், உலகத்து விஞ்ஞானம் முழுவதுமே இந்த இரண்டு நோட்டில்தான் நடக்கிறது. ஆராய்ச்சி இதழ்களில் வரும் கட்டுரை என்பது ரெக்கார்டு நோட். ஆய்வகத்தில் விஞ்ஞானி கைப்பட எழுதுவது அப்சர்வேஷன் நோட். நாம் எல்லோரும் படிப்பது முதல் நோட்டை மட்டும். இரண்டாவது நோட் எங்கே போகிறது? அதைப் பற்றி எனக்கு ஒரு சொந்தக் கதை இருக்கிறது. பெருமைப்படுகிற கதை இல்லை.

இங்கே பி.எஸ்ஸி. முடித்து, வேறிடத்தில் எம்.எஸ்ஸி. முடித்து, எண்பதுகளில் வெளிமாநிலத்தில் ஒரு ஆய்வகத்தில் பிஎச்.டி. சேர்ந்தேன். ஒரு குறிப்பிட்ட கூட்டுப்பொருளைத் தயாரிக்க வேண்டும். வினை நடக்கிறது. டி.எல்.சி. தகட்டில் புள்ளி தெளிவாகத் தெரிகிறது. ஆனால் சுத்தம் செய்வதற்காக சிலிக்கா ஜெல் அடைத்த காலத்தில் ஊற்றினால், மறுபக்கம் அந்தப் பொருள் வருவதே இல்லை. வேறு ஏதேதோ குப்பைதான் வருகிறது. காலம் என்றால் வேறொன்றுமில்லை, நீளமான கண்ணாடிக் குழாய். மேலே கலவையை ஊற்றினால் கீழே ஒவ்வொரு பொருளாகப் பிரிந்து இறங்க வேண்டும். எனக்கு இறங்கியது கண்ணீர்தான். இப்படிப் பதினோரு மாதம்.

கடைசியில் பக்கத்து லேப்பில் இருந்த மலையாளி சீனியர் ஒருவர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சிலிக்காவுக்குக் கொஞ்சம் அமிலத்தன்மை உண்டு அல்லவா? உன் பொருள் அமிலம் பட்டால் உடைகிற ஜாதி. காலத்தை முதலில் இரண்டு சொட்டு ட்ரைஎதிலமீன் சேர்த்த கரைப்பானால் கழுவிவிட்டு ஊற்றிப் பார்." பார்த்தேன். வந்தது! அதாவது பதினோரு மாதமும் என் வினை ஒழுங்காகத்தான் நடந்திருக்கிறது. நான்தான் தினமும் கஷ்டப்பட்டுத் தயாரித்ததைத் தினமும் சிலிக்காவில் ஊற்றிக் கொன்றிருக்கிறேன்.

நாலாவது நோட்டு, 143-ஆம் பக்கம். பெரிய எழுத்தில் எழுதி, இரண்டு தடவை அடிக்கோடு போட்டேன். ஆனால் அதற்குள் அந்தத் திட்டத்துக்கான பணம் முடிந்துவிட்டது. கைடு, "சரி, இந்த டாபிக்கை விடு, அடுத்ததுக்குப் போ" என்றார். இதை எங்கேயாவது எழுதலாமா சார் என்று கேட்டேன். "பதினோரு மாசம் வரலைன்னு எழுதுவியா? அதை எவன் போடுவான்?" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. அன்று எந்த இதழும் போட்டிருக்காது. அந்த வேலை என் ஆய்வேட்டில்கூட வரவில்லை. நோட்டு டிரங்குப் பெட்டிக்குள் போயிற்று.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் ஒரு கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு ரெஃப்ரெஷர் கோர்ஸ். பேசி முடித்து டீ குடிக்கும்போது ஒரு அம்மா வந்தார். பிளஸ் டூவுக்கு வேதியியல் எடுக்கிறவர். "சார், நானும் பிஎச்.டி. சேர்ந்தேன். ரெண்டு வருஷம் பண்ணினேன். ரியாக்‌ஷன் வரவே இல்லை. ஃபெலோஷிப் முடிஞ்சுது. வீட்ல போதும்னுட்டாங்க" என்றார். என்ன ரியாக்‌ஷன் அம்மா என்று சும்மா கேட்டேன். சொன்னார். என் கையில் இருந்த டம்ளர் அப்படியே நின்றுவிட்டது.

"டி.எல்.சி.யில ஸ்பாட் வந்துச்சா?"

"வந்துச்சு சார். காலத்துல போட்டா காணோம்."

அந்த இரண்டு சொட்டு ட்ரைஎதிலமீன் விஷயத்தைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அவ்வளவுதானா சார்?" என்றார். பிறகு, "இது எந்த ஜர்னல்ல சார் வந்திருக்கு? நான் அப்ப எல்லாத்தையும் தேடினேனே" என்று கேட்டார்.

நான் என்ன சொல்ல? எந்த ஜர்னலிலும் வரவில்லை அம்மா, என் வீட்டுப் பரணில் டிரங்குப் பெட்டிக்குள் இருக்கிறது என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சிரித்த மாதிரி ஏதோ செய்துவிட்டு, அடுத்த வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார். கோபித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

நண்பர்களே, நான் யாருக்கும் துரோகம் செய்யவில்லை. ரகசியம் என்று நினைத்து மறைக்கவும் இல்லை. எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். ஆனால் ஒரு பெண்ணின் இரண்டு வருஷம் போய்விட்டது. அவரைப் போல இன்னும் எத்தனை பேரோ, எத்தனை ஊரிலோ, அதே சுவரில் முட்டிக்கொண்டார்களோ, தெரியாது. அதற்கு மருந்து என்ன என்று அன்று முதல் யோசித்துக்கொண்டிருந்தேன்.

விஞ்ஞானிகள் மறைப்பது புதுப் பழக்கம் இல்லை. நம் ஊரில் வைத்தியர்கள் மருந்துச் செய்முறையைப் பரிபாஷையில் எழுதி வைத்தார்கள். ஊமத்தையை ஊமத்தை என்று சொல்ல மாட்டார்கள். மேல்நாட்டிலும் அதே கதைதான். ஸ்பிரிங் பற்றிய ஹூக் விதி நாம் பிளஸ் டூவில் படித்தது. அந்த ராபர்ட் ஹூக் 1676-ல் அதை எப்படி வெளியிட்டார் தெரியுமா? லத்தீன் வாக்கியத்தின் எழுத்துக்களைக் கலைத்து, அகர வரிசையில் ஒரு புதிராக அச்சிட்டார். விடையை இரண்டு வருஷம் கழித்து 1678-ல் தான் சொன்னார். வேறு யாராவது அதற்குள் கண்டுபிடித்தால், 'நான் முன்னமே சொல்லிவிட்டேனே' என்று சொல்லிக்கொள்ள ஒரு ஏற்பாடு! சொன்ன மாதிரியும் இருக்க வேண்டும், சொல்லாத மாதிரியும் இருக்க வேண்டும்.

ஆராய்ச்சி இதழ்கள் வந்த பிறகு இந்தப் புதிர் விளையாட்டு குறைந்தது. ஆனால் வெற்றி மட்டுமே அச்சேறும் என்ற பழக்கம் நின்றுவிட்டது. காகிதத்துக்கும் தபாலுக்கும் செலவு உண்டு, இடம் கொஞ்சம்தான், அதனால் தோல்விக்கு இடமில்லை என்றார்கள். நியாயம்தான். இணையம் வந்த பிறகு அந்த நியாயம் போய்விட்டது. அங்கே இடத்துக்குப் பஞ்சமில்லை.

இதை முதலில் துணிந்து செய்தவர்களில் ஒருவர் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து டிரெக்செல் பல்கலைக்கழகத்தில் இருந்த ழான் கிளாட் பிராட்லி. அவரும் கெமிஸ்ட்ரிக்காரர்தான். மலேரியாவுக்கு எதிரான பொருட்களைத் தயாரிக்கும் வேலையில் இருந்தார். 2006-ல் 'திறந்த நோட்டு விஞ்ஞானம்' என்று இதற்கு ஒரு பெயரும் வைத்தார். அவருடைய விதி ரொம்ப எளிமை: எங்கள் ஆய்வக நோட்டு முழுவதும் இணையத்தில் இருக்கும், அன்றன்றைக்கு இருக்கும், தோற்றுப்போன பரிசோதனையும் இருக்கும், கருவி தந்த மூல அளவுகளும் இருக்கும்.

அவர் செய்ததில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒன்று. உகி வினை என்று ஒன்று உண்டு. நாலு பொருளை ஒரே குடுவையில் போட்டால் ஒன்றாகச் சேரும். சேர்ந்த பொருள் கரையாமல் தானாகவே அடியில் படிந்துவிட்டால் வடிகட்டி எடுத்துக்கொள்ளலாம். என்னைப் போல் காலத்தோடு மாரடிக்க வேண்டியதில்லை. ஆனால் எது படியும், எது படியாது என்று முன்கூட்டித் தெரிய வேண்டுமானால், எந்தப் பொருள் எந்தக் கரைப்பானில் எவ்வளவு கரையும் என்ற அளவுகள் வேண்டும். சாதாரண விஷயம், ஆனால் புத்தகங்களில் போதிய அளவுகள் இல்லை. 2008-ல் அவரும் அவர் நண்பர்களும், கல்லூரி மாணவர்கள் இந்த அளவுகளை எடுத்துத் தரலாம் என்று ஒரு போட்டி வைத்தார்கள். நல்ல வேலைக்குப் பரிசுப் பணமும் உண்டு. ஒரே நிபந்தனை: உங்கள் அப்சர்வேஷன் நோட்டையும் சேர்த்து இணையத்தில் போட வேண்டும். அதாவது, நம் சார் சொன்ன அதே நிபந்தனை! பிராட்லி 2014-ல் காலமானார்.

அடுத்தது ஆஸ்திரேலியா. சிட்னி பல்கலைக்கழகத்தில் மேத்யூ டாட் என்று ஒரு பேராசிரியர் இருந்தார். ஆப்பிரிக்காவில் கோடிக்கணக்கான மக்களைப் பிடிக்கிற ஒரு புழு நோய் இருக்கிறது. நன்னீர் நத்தை வழியாக வருவது. அதற்கு பிராஸிகுவான்டெல் என்று ஒரு மாத்திரை. அந்த மருந்தின் மூலக்கூறு வலது கை, இடது கை மாதிரி இரண்டு வடிவமாக இருக்கும். ஒரு வடிவம்தான் வேலை செய்யும். மற்றது சும்மா கூட வருவதோடு, கசப்புக்கும் பெரும்பாலும் அதுதான் காரணம். பெரிய மாத்திரை, கசப்பு மாத்திரை, குழந்தைகளுக்கு எப்படிக் கொடுப்பது? வேலை செய்கிற வடிவத்தை மட்டும் மலிவாகத் தயாரிக்க வழி வேண்டும்.

டாட் தன் குழுவின் நோட்டுகளை இணையத்தில் திறந்து வைத்து, 'இதுதான் எங்கள் பிரச்சினை, இதுவரை இதெல்லாம் செய்து பார்த்தோம், யாருக்காவது யோசனை இருக்கிறதா?' என்று கேட்டார். பல்கலைக்கழகத்தார் மட்டும் வருவார்கள் என்று பார்த்தால், கம்பெனிகளில் வேலை பார்க்கும் அனுபவசாலிகள் நிறையப் பேர் வந்தார்கள். 'நீங்கள் போகிற வழி சுற்று வழி. இரண்டு வடிவத்தையும் சேர்த்தே செய்யுங்கள், பிறகு தகுந்த அமிலம் சேர்த்து ஒன்றை மட்டும் படிகமாகப் பிரித்தெடுங்கள்' என்று பழைய, உறுதியான முறையைக் காட்டினார்கள். நெதர்லாந்துக் கம்பெனி ஒன்று தானே செய்து பார்த்தும் கொடுத்தது. 2011-ல் அந்த முறை வெளியாயிற்று. கதவைத் திறந்து வைத்திருந்ததால் உதவி உள்ளே வந்தது, அவ்வளவுதான்.

அதே டாட் குழுவோடு சேர்ந்து 2016-ல் சிட்னியில் பள்ளிக்கூடப் பையன்கள் ஒரு காரியம் செய்தார்கள். பைரிமெத்தமின் என்பது பழைய மருந்து, உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பது. 2015-ல் அமெரிக்காவில் ஒரு கம்பெனி அதன் விற்பனை உரிமையை வாங்கி, 13.50 டாலர் விற்ற ஒரு மாத்திரையை ஒரே நாளில் 750 டாலர் ஆக்கியது. இந்தப் பையன்கள் பள்ளி லேப்பில் அதைத் தயாரித்துக் காட்டினார்கள். 3.7 கிராம் கிடைத்தது. அவர்கள் செய்த ஒவ்வொரு படியும், தடுக்கி விழுந்த இடங்களும், திறந்த நோட்டில் இருந்தன. வெளியில் இருந்த வேதியியலாளர்கள் பார்த்து யோசனை சொன்னார்கள். அந்த மருந்தை விற்க அது போதாது. ஆனால் அந்த விலைக்கும் தயாரிப்புச் செலவுக்கும் சம்பந்தமே இல்லை என்பது உலகத்துக்குத் தெரிந்தது.

நம் நாடும் சும்மா இல்லை. 2008-ல் நம் சி.எஸ்.ஐ.ஆர். காசநோய்க்குப் புது மருந்து தேடுவதற்காக ஒரு திறந்த திட்டம் தொடங்கியது. காசநோய்க் கிருமியின் ஏறக்குறைய நாலாயிரம் ஜீன்களைப் பற்றி உலகம் முழுக்கச் சிதறிக் கிடந்த தகவலைத் திரட்டும் வேலையில், இந்தியாவின் பல ஊர்க் கல்லூரி மாணவர்களை இணையம் வழியாகச் சேர்த்துக்கொண்டார்கள். பெரிய கருவி இல்லாத கல்லூரிப் பையனுக்கும் பெண்ணுக்கும் அதில் ஒரு இடம் இருந்தது.

இன்னும் பெரிய உதாரணம், நாம் எல்லோரும் உயிரோடு அனுபவித்தது. மனித ஜீனோம் திட்டத்தில் வேலை செய்த விஞ்ஞானிகள் 1996-ல் பெர்முடா தீவில் கூடி, படித்த டி.என்.ஏ. வரிசையை 24 மணி நேரத்துக்குள் எல்லோருக்கும் பொதுவில் வைத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தார்கள். கட்டுரை வரட்டும், பேர் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அந்தப் பழக்கம் வேரூன்றியதன் பலனை 2020-ல் பார்த்தோம். ஜனவரி 11-ஆம் தேதி, சீன விஞ்ஞானி ஜாங் யோங்ஜென் படித்த கொரோனா வைரஸின் சுமார் முப்பதாயிரம் எழுத்துக்களை, அவர் சம்மதத்தோடு எட்வர்ட் ஹோம்ஸ் என்ற சிட்னி விஞ்ஞானி இணையத்தில் போட்டார். இரண்டே நாளில் ஒரு தடுப்பூசியின் வடிவம் தயார். மார்ச் 16-ஆம் தேதி முதல் மனிதருக்கு அந்த ஊசி சோதனையாகப் போடப்பட்டது. கணக்குப் பார்த்தால் 65 நாள். ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெளியிட்ட மறுநாளே ஜாங்கின் ஆய்வகத்தை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. திறந்து கொடுப்பவன் சில சமயம் விலையும் கொடுக்கிறான்.

சரி, இதில் வில்லங்கமே இல்லையா? முன்வரிசையில் எங்கள் பேராசிரியர் ஒருவர் தலையை ஆட்டுகிறார். அவர் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும்.

முதல் கேள்வி: 'எவனாவது திருடிட்டா?' திருடலாம். பாதி செய்து வைத்த வேலையை, வசதியான ஆய்வகத்துக்காரன் எடுத்து முடித்துவிடலாம். இதை இல்லை என்று சொல்ல மாட்டேன். வேலை நிரந்தரம் ஆகாத ஒரு இளைஞனைப் பார்த்து, 'எல்லாத்தையும் இன்னைக்கே போடுடா' என்று ஓய்வு பெற்ற நான் சொல்வது எளிது. அவனுக்கு நான் சொல்வது: கட்டுரை வரும்வரை வைத்துக்கொள், கட்டுரை வந்த அன்று நோட்டையும் சேர்த்துப் போடு. ஆனால் ஒன்றை மறக்காதே. இணையத்தில் தேதியோடு போட்டதற்குச் சாட்சி உண்டு. டிரங்குப் பெட்டியில் இருப்பதற்குச் சாட்சி கரப்பான் பூச்சிதான்.

இரண்டாவது கேள்வி பேட்டன்ட். காப்புரிமை வாங்கப் போகிற விஷயத்தை முன்கூட்டி வெளியிட்டால் உரிமை போய்விடும். உண்மை. அப்படிப்பட்டதைப் போடாதீர்கள். ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. 1995-ல் அமெரிக்காவில், காயத்துக்கு மஞ்சள் போடுவதற்கே பேட்டன்ட் கொடுத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? நம் வீட்டுக் கிழவிகள் எல்லாம் குற்றவாளிகள் ஆக வேண்டிய நிலைமை. சி.எஸ்.ஐ.ஆர். எதிர்த்துப் போராடி, 1997-ல் அது ரத்தானது. எதைக் காட்டி? 'எங்க பாட்டி சொன்னாங்க' என்று சொல்லி ஜெயிக்கவில்லை. பழைய சமஸ்கிருத நூல், 1953-ல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த கட்டுரை என்று எழுத்தில் வெளியானவற்றைக் காட்டித்தான் ஜெயித்தார்கள். ஆக, வெளியிட்ட அறிவை ஒருவன் தன்னுடையது என்று பூட்டிக்கொள்ள முடியாது. பரிபாஷையில் எழுதிப் பெட்டியில் வைத்திருந்தால் தோற்றிருப்போம்.

மூன்றாவது, நோயாளிகளின் விவரம். பேர், ஊர், வியாதி எல்லாம் உள்ள நோட்டைத் திறந்து போடவே கூடாது. இதில் இரண்டு பேச்சு கிடையாது.

நாலாவதை யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். வெட்கம். 'என் தப்பை எல்லாம் ஊரே பார்க்குமே!' உண்மையில் இதுதான் பெரிய தடை. ஆனால் 2009-ல் நடந்ததைக் கேளுங்கள். சோடியம் ஹைட்ரைடு தெரியுமல்லவா? ஆக்சிஜன் ஏற்றும் வேலையை அதை வைத்துச் செய்யலாம் என்று அமெரிக்க வேதியியல் சங்கத்தின் பெரிய இதழில் ஒரு கட்டுரை வந்தது. பூனையை வைத்துப் பாலுக்குக் காவல் போட்ட மாதிரி! படித்த வேதியியலாளர்கள் சிலர் உடனே தங்கள் லேப்பில் செய்து பார்த்து, படத்தோடு, அளவோடு இணையத்தில் போட்டார்கள். அந்த வேலையைச் செய்தது ஹைட்ரைடு அல்ல, உள்ளே புகுந்த காற்றின் ஆக்சிஜனாகத்தான் இருக்க வேண்டும் என்று தெரிந்தது. கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. பெரிய இதழ், பெரிய நடுவர்கள், எல்லோரும் பார்த்தது ரெக்கார்டு நோட்டை. விஷயத்தை வெளிக்கொண்டு வந்தது நாலு பேருடைய அப்சர்வேஷன் நோட்.

கடைசியாக, நான் என்ன செய்தேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

ஓய்வு பெற்ற அடுத்த மாதம் பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கினேன். பதினாலு நோட்டு. என் மனைவி, "ஒருவழியா பேப்பர்காரனுக்குப் போடப் போறீங்களா?" என்று சந்தோஷமாகக் கேட்டாள். இல்லை என்றதும் முகம் வாடிவிட்டது. நோட்டு எனக்குச் சொந்தமில்லை, நான் வேலை பார்த்த இடங்களுக்குச் சொந்தம். ஆகவே முறையாக எழுதிக் கேட்டேன். ஒரு இடத்திலிருந்து பதில் வர ஒன்பது மாதம் ஆயிற்று, ஆனால் சம்மதம் வந்தது. கம்பெனிக்காகச் செய்த வேலை உள்ள இரண்டு நோட்டை ஒதுக்கி வைத்தேன். மீதிப் பன்னிரண்டையும் பேத்தி உதவியோடு பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்தோம். ஐரோப்பாவில் செர்ன் ஆய்வகம் 2013 முதல் ஸெனோடோ என்று ஒரு பொதுக் களஞ்சியம் நடத்துகிறது. காசு வாங்குவதில்லை. போட்டதற்கு ஒரு நிரந்தர எண்ணும் தருவார்கள். அதில் போட்டேன். ஸ்கேன் படத்தைத் தேடுபொறி படிக்காது என்று பேத்தி சொன்னதால், ஒவ்வொரு பரிசோதனைக்கும் இரண்டு வரி சுருக்கம் தட்டச்சு செய்து சேர்த்தேன். அதற்குத்தான் நாள் பிடித்தது.

ஒரு வருஷம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் ஒரு மின்னஞ்சல். ஏதோ நன்றிக் கடிதம் என்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு திறந்தேன். ஆறாவது நோட்டு, 58-ஆம் பக்கத்தில் நான் போட்ட மோலார் கணக்கு தப்பு, பத்து மடங்கு வித்தியாசம் என்று ஒரு மாணவர் எழுதியிருந்தார். பார்த்தேன். தப்புதான். முப்பது வருஷம் யாரும் கண்டுபிடிக்காத தப்பு! நம் சார் சொன்னபடி அதை அழிக்கவில்லை. குறுக்கே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, கண்டுபிடித்தவர் பெயரையும் போட்டு மறுபடி ஏற்றினேன்.

அந்த ட்ரைஎதிலமீன் பக்கம், நாலாவது நோட்டு 143, அதுவும் அங்கே இருக்கிறது. முதலில் ஏற்றியது அதைத்தான். அந்த ஆசிரியை அம்மாவுக்குச் சொல்ல வேண்டும் என்று ஆசை. ரெஃப்ரெஷர் கோர்ஸ் நடந்த கல்லூரியில் விசாரித்தேன். பழைய வருகைப் பதிவேடு இல்லை என்றார்கள்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நம் ஆராய்ச்சி மாணவர்களின் ஆய்வேடுகளை சோத்கங்கா என்ற பொதுக் களஞ்சியத்தில் போடுகிறார்கள், நல்லது. ஆனால் ஆய்வேடு என்பது ரெக்கார்டு நோட். இந்தக் கல்லூரியில் இறுதியாண்டு மாணவர்கள் செய்யும் ப்ராஜெக்ட்டுகள் இருக்கின்றன. கிணற்றுத் தண்ணீரின் உப்பு அளவு, ஏரி மண்ணின் தன்மை என்று வருஷா வருஷம் அளக்கிறார்கள், வருஷா வருஷம் அது அலமாரிக்குள் போய் முடிகிறது. பத்து வருஷ அளவைச் சேர்த்துப் பார்த்தால் இந்த ஊர்த் தண்ணீருக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்துவிடும். சங்கம் ஒரு ஸ்கேனர் வாங்கித் தரட்டும். அதற்கு என் பங்கை இப்போதே செயலாளரிடம் தருகிறேன். மாணவர்களின் சம்மதத்தோடு, அப்சர்வேஷன் நோட்டோடு சேர்த்து, எல்லோரும் பார்க்கும்படி வைப்போம். வராத பரிசோதனையும் அதில் இருக்கட்டும்.

என்னோடு படித்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பெட்டி இருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை இறக்கிப் பாருங்கள். உங்களுக்கு அது பழைய குப்பை. எங்கேயோ ஒரு லேப்பில், ராத்திரி பதினோரு மணிக்கு, 'ஏன் வரவில்லை' என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு அது இரண்டு வருஷம்.

சாம்பார் வாசனை வந்துவிட்டது.